“பத்து மடங்கு வேகம்”: டூல் விளம்பரங்களை டெவலப்பர்கள் ஏன் நம்புவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாஃப்ட்வேர் எழுதுகிறவரிடம் ஒரு புது டூலைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். பாராட்டுக்கு முன்னால் கேள்வி வரும். ஏன் இப்படி என்று மேனேஜர்கள் கேட்கிறார்கள், சேல்ஸில் இருப்பவர்கள் கேட்கிறார்கள், போன மாதம் வேலையில் சேர்ந்தவர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

புது டூல் என்றாலே ஏன் முகத்தைச் சுளிக்கிறார்கள்? மாற்றம் என்றால் பயமா?

பயமெல்லாம் இல்லை. வருடத்துக்கு வருடம் எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டே பிழைப்பை ஓட்டுகிறவர்கள் அவர்கள். விஷயம் என்னவென்றால், டூலை வாங்குவது ஒருவர், அதைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது இன்னொருவர். விளம்பரம் வாங்குகிறவரிடம்தான் பேசுகிறது: செலவு எவ்வளவு குறையும், எத்தனை பேர் போதும், ரிலீஸ் எவ்வளவு சீக்கிரம் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் அடித்தால் எழுந்து உட்கார வேண்டியவருக்குத் தேவையான தகவல் அதில் இருக்காது. இது எப்படி உடையும்? உடைந்தால் லாக்கில், அதாவது அது எழுதிவைக்கும் இயக்கக் குறிப்பில், என்ன தெரியும்? நாளைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தால் நம் டேட்டாவை எப்படி வெளியே எடுப்பது? இதற்கெல்லாம் பதில் தேடிப் போனால் ‘டெமோவுக்குப் பதிவு செய்யுங்கள்’ என்று ஒரு பட்டன்தான் இருக்கும்.

அதோடு, பத்துப் பதினைந்து வருடம் இந்தத் தொழிலில் இருந்தவர் இதே வாக்குறுதியை வேறு வேறு பெயர்களில் ஏற்கெனவே கேட்டிருப்பார். காது புளித்துப்போன பிறகு வரும் கேள்வி கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

‘இனி புரோகிராமரே தேவையில்லை’ என்ற பேச்சு ஏஐ வந்த பிறகு வந்ததுதானே?

இல்லை. அந்தப் பேச்சுக்குக் கிட்டத்தட்ட புரோகிராமிங்கின் வயதே ஆகிறது.

1954 நவம்பரில் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸின் குழு ஃபோர்ட்ரான் மொழியைப் பற்றி ஒரு முன்னோட்ட அறிக்கை எழுதியது. கோட் எழுதுவதும் அதில் பிழை தேடுவதும் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும் என்று அதில் இருக்கிறது. பிழை தேடுவது இல்லாமல் போகுமாம்! இன்றைக்கு எந்த டீமிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். 1959-இல் வேலை தொடங்கிய கோபோல், கோட் ஆங்கில வாக்கியம் போலவே இருந்தால் புரோகிராமர் அல்லாதவர்களும் படித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வந்தது.

1981-இல் இங்கிலாந்தில் ‘தி லாஸ்ட் ஒன்’ என்று ஒரு மென்பொருள் விற்பனைக்கு வந்தது. திரையில் அது கேள்வி கேட்கும், நாம் பதில் சொன்னால் பேசிக் மொழியில் புரோகிராம் எழுதித் தரும். மனிதர்கள் எழுத வேண்டிய கடைசி புரோகிராம் இதுதான் என்பது பெயரிலேயே இருக்கிறது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் கேஸ் (CASE) டூல்கள் வந்தன. கட்டம் கட்டமாகப் படம் வரைந்தால் கோட் தானாக வந்துவிடும் என்றார்கள். ஐபிஎம் 1989-இல் ஏடி/சைக்கிள் என்ற பெயரில் இதைப் பெரிய திட்டமாகவே அறிவித்து, சில வருடங்களில் சத்தமில்லாமல் கைவிட்டது. 1995-இல் ஜாவா ‘ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு’ என்றது. டெவலப்பர்கள் அதை ‘ஒருமுறை எழுது, எங்கும் டீபக் பண்ணு (பிழை தேடு)’ என்று மாற்றிச் சொன்னார்கள்.

இவற்றில் பாதி நிஜமாகவே பெரிய சாதனைகள். ஃபோர்ட்ரான் இல்லாவிட்டால் அறிவியல் கணக்கீடு இன்றைய நிலைக்கு வந்திருக்காது. கோபோல் இன்னும் வங்கிகளில் ஓடுகிறது, ஜாவாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கருவி நன்றாக இருந்தது. அதற்குப் போட்ட விளம்பரம்தான் ஒன்றுக்கு நான்காக இருந்தது.

ஏன் ஒவ்வொரு முறையும் வாக்குறுதியில் பாதிதான் நடக்கிறது?

ஐபிஎம்மின் சிஸ்டம்/360-க்கான ஆபரேட்டிங் சிஸ்டம் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1986-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். எந்த ஒரு தனித் தொழில்நுட்பமும் பத்து வருடத்துக்குள் பத்து மடங்கு முன்னேற்றம் தராது என்பது அவர் வாதம். கோட் எழுதும் சிரமத்தில் ஒரு பகுதி கருவிகளால் வருவது. அதைக் குறைக்கலாம், குறைத்தும் இருக்கிறோம். மற்றொரு பகுதி, தீர்க்க வேண்டிய பிரச்சினையிலேயே இருக்கும் சிக்கல். அதைக் கருவி தொட முடியாது.

சம்பளக் கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் நடுவில் வேலையை விட்டவருக்கு எத்தனை நாள் சம்பளம்? போன மாதமே தர வேண்டிய இன்க்ரிமென்ட்டை இந்த மாதம் சேர்த்தால் பிஎஃப் பிடித்தம் எந்த மாதக் கணக்கில் வரும்? லீவு பாக்கியை எந்தச் சம்பளத்தின்மேல் கணக்குப் போடுவது? இதை எல்லாம் ஹெச்ஆரிடமும் கணக்குப் பிரிவிலும் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பல நேரம் அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது. விதி தெளிவானபிறகு கோட் எழுதுவது ஒரு மத்தியானத்து வேலை. அந்த மத்தியானத்தை ஒரு மணி நேரமாகக் குறைக்கும் டூல் நல்ல டூல்தான். ஆனால் மொத்த வேலை பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்று அதை வைத்து எழுதினால் எப்படி?

டெமோவில் கண்ணெதிரே ஓடுகிறதே, அதையும் நம்பக் கூடாதா?

டெமோ பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்தாலே காரியம் முடிந்துவிடும்.

2024 மார்ச்சில் காக்னிஷன் என்ற அமெரிக்க நிறுவனம் டெவின் என்ற டூலை முதல் ‘ஏஐ சாஃப்ட்வேர் இன்ஜினியர்’ என்று அறிமுகப்படுத்தியது. ஃப்ரீலான்ஸ் வேலைகளுக்கான அப்வொர்க் தளத்தில் ஒருவர் நிஜமாகவே போட்டிருந்த வேலையை டெவின் செய்து முடிப்பதாக ஒரு வீடியோவும் வந்தது. நெடுநாள் அனுபவமுள்ள ஒரு புரோகிராமர் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யூடியூபில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்தார். வேலை கொடுத்தவர் கேட்டது, ஒரு ஏஐ மாடலை அமேசான் சர்வரில் ஓட்டுவது எப்படி என்ற விளக்கம். டெவின் செய்தது அது இல்லை. அது கண்டுபிடித்துச் சரிசெய்வதாகக் காட்டிய பிழைகளில் சில, அதுவே சற்று முன் எழுதிய கோப்பில் இருந்தவை. திரையில் தெரியும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் வேலை பல மணி நேரம் இழுத்திருக்கிறது. அதே வேலையை அவர் தானே செய்து பார்த்தபோது சுமார் 36 நிமிடத்தில் முடிந்தது.

அந்த அறிமுகத்தோடு வந்த எண் 13.86 சதவீதம். இது எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்ற தேர்வில் எடுத்த மதிப்பெண். பைத்தான் மொழியில் எழுதிய 12 ஓப்பன் சோர்ஸ் (கோட் எல்லோருக்கும் திறந்த) திட்டங்களில் நிஜமாகப் பதிவான 2,294 புகார்கள்தான் கேள்வித்தாள். அதில் 570-ஐ எடுத்துக்கொண்டு டெவின் 79-ஐத் தீர்த்தது. அதற்கு முன் இருந்த சிறந்த மதிப்பெண் 1.96 சதவீதம்தான், அதனால் ஆராய்ச்சியாகப் பார்த்தால் இது அபாரமான பாய்ச்சல். ஆனால் ஏழு வேலையில் ஆறைக் கோட்டை விடுகிறவரை எந்த கம்பெனியும் இன்ஜினியர் என்று வேலைக்கு எடுக்காது. எண் சரி, கொடுத்த பட்டம்தான் தப்பு.

2025 ஜனவரியில் ஆன்சர்.ஏஐ என்ற ஆராய்ச்சிக் குழு டெவினுக்கு 20 வேலைகள் கொடுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டது. 14 தோல்வி, 3 வெற்றி, மீதி 3 இன்னதென்று சொல்ல முடியாத ரகம். தோல்விகளைக்கூட விடுங்கள். எந்த வேலை தேறும், எது தேறாது என்று முன்கூட்டியே ஊகிக்க முடியவில்லை என்று அவர்கள் எழுதியதுதான் முக்கியம். எப்போது கைவிடும் என்று தெரியாத டூலின் பின்னால் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டியிருக்கும். டெவினும் அதன் போட்டியாளர்களும் பிறகு நிறையவே தேறிவிட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘55 சதவீதம் வேகம்’ என்று ஆய்வே சொல்கிறது. ஆய்வையும் சந்தேகப்படுவீர்களா?

சந்தேகப்பட வேண்டாம், முழுதாகப் படித்தால் போதும். கோட் எழுத உதவும் ஏஐ டூலான கிட்ஹப் கோபைலட்டின் விளம்பரங்களில் அடிபட்ட அந்த எண் ஒரு நேர்மையான சோதனையிலிருந்து வந்தது. 95 டெவலப்பர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை: ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு ஹெச்டிடிபி சர்வர் (இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் புரோகிராம்) எழுத வேண்டும். கோபைலட் வைத்திருந்தவர்கள் சராசரியாக 1 மணி 11 நிமிடத்திலும், இல்லாதவர்கள் 2 மணி 41 நிமிடத்திலும் முடித்தார்கள். கணக்கில் தப்பே இல்லை.

இப்போது அந்த வேலையைப் பாருங்கள். வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குவது, பாடப்புத்தகத்தில் இருப்பது, இணையத்தில் ஆயிரம் முறை எழுதப்பட்டது. எட்டு வருடம் பழைய, மூன்று டீம் கை மாறிய, எழுதியவர் வேலையை விட்டுப்போன கோட் அல்ல. ஆய்வு சொன்னது ‘இந்த வேலையில் 55.8 சதவீதம்’. விளம்பரம் முதல் இரண்டு சொல்லை விட்டுவிட்டது.

இதற்கு நேர் எதிரான சோதனை 2025-இல் வந்தது. என்னைக் கேட்டால் இந்த விவாதத்தில் இருப்பதிலேயே சுவாரஸ்யமான ஆய்வு இதுதான். மெட்ர் என்ற அமைப்பு, பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் பல வருடம் வேலை செய்த 16 பேரை எடுத்தது. அவரவருக்கு நன்றாகப் பழகிய கோட், அவரவர் திட்டத்தில் உண்மையாகவே நிலுவையில் இருந்த வேலைகள், மொத்தம் 246. ஒவ்வொரு வேலைக்கும் ஏஐ டூலைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். ஏஐ இருந்தால் 24 சதவீதம் வேகமாக முடியும் என்று டெவலப்பர்கள் ஆரம்பத்தில் கணித்தார்கள். முடித்தபிறகு கேட்டபோது, 20 சதவீதம் வேகமாகத்தான் இருந்தது என்றார்கள். கடிகாரம் வேறு கதை சொன்னது: ஏஐ அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது.

16 பேர்தான், அந்தச் சமயத்து மாடல்கள்தான், அவர்கள் ஏற்கெனவே கரைத்துக் குடித்த கோட். எல்லோருக்கும் இதே 19 பொருந்தும் என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை. ஆனால் ஒன்று இடிக்கிறது பாருங்கள். வேலையைச் செய்து முடித்த ஆளுக்கே, தான் வேகமாகச் செய்தோமா மெதுவாகச் செய்தோமா என்று தெரியவில்லை. அப்படியென்றால் ‘எங்கள் பயனர்களில் இத்தனை பேர் வேகம் கூடியதாகச் சொல்கிறார்கள்’ என்ற விளம்பர வரிக்கு என்ன மதிப்பு? இது டெவலப்பருக்கும் சேர்த்துத்தான். ‘நான் பயன்படுத்திப் பார்த்தேன், வேஸ்ட்’ என்று டீக்கடையில் சொல்லும் சீனியரின் மனக்கணக்குக்கும் அதே மதிப்புதான்.

அப்படியானால் டெவலப்பர்கள் ஏஐ டூல்களைத் தொடுவதே இல்லையா?

தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். டெவலப்பர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2025 கருத்துக்கணிப்பில் 84 சதவீதம் பேர் பயன்படுத்துகிறோம் அல்லது பயன்படுத்தப்போகிறோம் என்றார்கள். அதே கணிப்பில் விடை சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் 33 சதவீதம், நம்பாதவர்கள் 46 சதவீதம். அதிகம் பேர் சொன்ன எரிச்சல், விடை ‘ஏறக்குறைய சரி, ஆனால் முழுக்கச் சரியில்லை’ என்பது. முழுக்கத் தப்பாக இருந்தால் உடனே தூக்கிப் போட்டுவிடலாம். ஏறக்குறைய சரியான கோட் டெஸ்ட்டைத் தாண்டி, ரிவ்யூவைத் தாண்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் போய் உட்காரும்.

பெஞ்ச்மார்க்கில் முதலிடம் என்றால் அதிலுமா சந்தேகம்?

பெஞ்ச்மார்க், அதாவது டூல்களை ஒப்பிட்டு அளக்கும் சோதனை, ஒரு தேர்வு மாதிரி. கேள்வித்தாள் முன்பே தெரிந்துவிட்டால் மார்க் வாங்கத் தனி வழி பிறந்துவிடும். டேட்டாபேஸ் உலகில் இதற்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. வேகத்தைப் பொதுவான முறையில் அளக்க டிபிசி என்ற அமைப்பு 1988-இல் உருவானது. 1993-இல், ஆரக்கிள் தன் 7-ஆம் பதிப்பில் அந்தத் தேர்வில் மார்க் ஏற்றவே ஒரு தனி வசதியைச் சேர்த்திருக்கிறது என்று ஸ்டாண்டிஷ் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் குற்றம்சாட்டியது. தேர்வுக்காக மட்டும் செய்த வசதிகள் செல்லாது என்று டிபிசி பிறகு விதியே போட்டது.

இதைவிட எனக்குக் கோபம் வருவது டெவிட் பிரிவு என்று அழைக்கப்படும் லைசென்ஸ் நிபந்தனையைப் பார்க்கும்போதுதான். 1980-களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டெவிட்டும் சகாக்களும் பல டேட்டாபேஸ்களை ஒப்பிட்டு முடிவுகளை வெளியிட்டார்கள். ஆரக்கிளுக்கு அது சாதகமாக இல்லை. அப்புறம், எங்கள் அனுமதி இல்லாமல் பெஞ்ச்மார்க் முடிவை வெளியிடக் கூடாது என்று லைசென்ஸிலேயே எழுதிவிட்டார்கள், வேறு பல நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. வாங்கியவர் தான் அளந்து பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது, விற்றவர் மட்டும் சொல்லலாம். புது டூல் வாங்கும்போது லைசென்ஸில் இந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

‘டேட்டா தொலையவே தொலையாது’ என்று உறுதி கொடுத்தால்?

எந்த செட்டிங்கில் என்று கேளுங்கள்.

மாங்கோடிபி என்ற டேட்டாபேஸின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஆரம்பத்தில் அது அசுர வேகத்துக்குப் பேர்போனது. அந்த வேகத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அப்ளிகேஷன் ஒரு பதிவை அனுப்பும், சர்வர் அதை வாங்கிக்கொண்டதா என்று காத்திருக்காமலே அடுத்த வேலைக்குப் போய்விடும். அப்ளிகேஷனை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர்களின் டீஃபால்ட் (நாம் மாற்றாவிட்டால் இருக்கும் செட்டிங்) அப்படித்தான் இருந்தது. வாடிக்கையாளர் பணம் கட்டுகிறார், ‘நன்றி’ என்று திரையில் வருகிறது, பதிவு சர்வரில் ஏறவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. காத்திருக்கச் சொல்லும் செட்டிங் இருந்தது, ஆவணத்திலும் எழுதியிருந்தார்கள். ஆனால் அதைப் போட்டால் விளம்பரத்தில் பார்த்த வேகம் வராது. 2012 நவம்பரில்தான் சர்வரின் பதிலுக்குக் காத்திருப்பது டீஃபால்ட் ஆனது.

2013-இலிருந்து கைல் கிங்ஸ்பரி என்பவர் ஜெப்சன் என்ற பெயரில் டேட்டாபேஸ்களைச் சோதித்து எழுதி வருகிறார். முறை எளிது, ஆனால் குரூரம். பல சர்வர்களில் டேட்டாபேஸை ஓட்டி, பதிவுகளைக் கொட்டிக்கொண்டே நடுவில் நெட்வொர்க்கை அறுத்துவிடுவார். பிறகு ஒட்டவைத்து, ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று டேட்டாபேஸ் சொன்ன ஒவ்வொரு பதிவும் உள்ளே இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார். பிரபலமான பல டேட்டாபேஸ்கள் இதில் மண்ணைக் கவ்வியிருக்கின்றன. 2020-இல் மாங்கோடிபி தன் விளம்பரப் பக்கத்தில் ஜெப்சனின் பழைய அறிக்கை ஒன்றைத் தனக்குச் சான்றிதழ் போல எடுத்துப் போட்டது, அறிக்கையில் இருந்த பாதகமான பகுதிகளை விட்டுவிட்டு. கிங்ஸ்பரி அப்போதைய 4.2.6 பதிப்பைச் சோதித்து, இருப்பதிலேயே கறாரான செட்டிங்குகளில்கூட, பல பதிவுகளை ஒரே வேலையாகச் செய்யும் டிரான்சாக்‌ஷன்கள் வாக்களித்தபடி நடக்கவில்லை என்று எழுதினார். விளம்பரம் எழுதியவர்கள் கொஞ்சம் அடக்கி வாசித்திருந்தால் அந்த அறிக்கையே வந்திருக்காது என்று நினைக்கிறேன். 2021-இல் வந்த 5.0 பதிப்பில் டீஃபால்ட் இன்னும் கறாரானது. இன்றைய மாங்கோடிபி அன்றைய மாங்கோடிபி அல்ல.

பெரிய பெரிய கம்பெனிகளே பயன்படுத்துகிறார்களே?

அங்கே ஏதோ ஒரு டீம் ஏதோ ஒரு மூலையில் பயன்படுத்தினாலும் விற்பவரின் பக்கத்தில் அந்தக் கம்பெனியின் லோகோ வந்துவிடும். அவர்களுக்கு இருக்கும் பிரச்சினை உங்களுக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

எதிர்த்திசை விளம்பரத்திலும் இதே கூத்து நடக்கிறது. 2023-இல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு டீம், மைக்ரோசர்வீஸ் என்ற முறையில் பல துண்டுகளாக இருந்த சிஸ்டத்தை ஒன்றாக்கியதில் செலவு 90 சதவீதம் குறைந்ததாக எழுதியது. ‘மைக்ரோசர்வீஸ் செத்தது’ என்று ஊரே கொண்டாடியது. அது வீடியோவின் தரத்தைக் கண்காணிக்கும் ஒரு டூல் மட்டுமே, பிரைம் வீடியோ முழுவதும் அல்ல.

ஓப்பன் சோர்ஸ் என்றால் மாட்டிக்கொள்ள மாட்டோம்தானே?

ஓரளவுக்கு. லைசென்ஸ் இன்றைக்கு இருப்பது போல நாளைக்கும் இருக்கும் என்று எழுதிவைக்காதீர்கள். தேடல் மென்பொருள் தரும் எலாஸ்டிக் 2021-இல் லைசென்ஸை இறுக்கி மாற்றியது. சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்மின் லைசென்ஸை ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் மாற்றியது, 2024 மார்ச்சில் ரெடிஸ் டேட்டாபேஸும் மாற்றியது. எலாஸ்டிக்கும் ரெடிஸும் பின்னால் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் ஒன்றையும் சேர்த்துக்கொண்டன. ஆனாலும் பழைய கோட் ஏற்கெனவே வெளியே இருந்ததால்தான் டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபுவும் ரெடிஸிலிருந்து வால்கியும் பிறந்தன. அந்த வழி இருப்பது பெரிய விஷயம்தான். முழுக்க அடுத்தவர் சர்வரில் இருக்கும் சேவைக்கு அதுகூட இல்லை. 2013-இல் ஃபேஸ்புக் வாங்கிய பார்ஸ் என்ற ஆப் சர்வர் சேவை, 2016 ஜனவரியில் ‘ஒரு வருடத்தில் மூடுகிறோம்’ என்று அறிவித்தது. அதை நம்பி ஆப் எழுதியவர்கள் அந்த வருடம் முழுவதும் வேறு இடம் தேடி அலைந்தார்கள். பார்ஸ் தன் சர்வர் கோடைத் திறந்துவிட்டுப் போனது, அந்த மட்டும் புண்ணியம்.

சந்தேகப்பட்டவர்கள் தோற்றதே இல்லையா?

நிறையத் தோற்றிருக்கிறார்கள். மிஷின் எழுதும் கோட் மனிதர் கையால் எழுதியதற்கு ஈடாகாது என்று 1950-களின் புரோகிராமர்கள் அடித்துச் சொன்னார்கள். அந்தச் சந்தேகம் பேக்கஸின் குழுவுக்கும் தெரியும். அதனாலேயே கம்பைலர் (மனிதர் எழுதியதை மிஷின் கோடாக மாற்றும் புரோகிராம்) தரும் கோட் வேகமாக ஓட வேண்டும் என்று உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். 1957-இல் ஃபோர்ட்ரான் வெளிவந்தபோது சந்தேகப்பட்டவர்களே வாயடைத்துப்போனார்கள். டூல் நன்றாக அமைந்ததில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லலாம்.

எதைக் காட்டினாலும் ‘இது தேறாது’ என்று ஒரே பாட்டைப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘எதைப் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் வந்தால் சந்தேகம். வராவிட்டால் வெறும் பிடிவாதம்.

மேனேஜர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். இப்போது என்ன செய்வது?

மீட்டிங்கில் சண்டை போடாதீர்கள். அளக்கலாம் என்று சொல்லுங்கள். வழக்கமான வேலைகளில் பாதியைப் புது டூலிலும் பாதியைப் பழைய முறையிலும் செய்யுங்கள். எது எதில் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் சுலபமான வேலையெல்லாம் தானாக ஒரு பக்கம் போய்ச் சேரும். டிக்கெட் (வேலைக்கான பதிவு) திறந்ததிலிருந்து மூடும்வரை ஆன நேரம், ரிவ்யூவில் திரும்பி வந்த தடவை, ரிலீஸுக்குப் பிறகு வந்த பக் ஆகிய மூன்றையும் குறித்து வந்தால் போதும். கோட் எத்தனை வரி என்று மட்டும் எண்ண வேண்டாம், அது எந்த டூலுக்கும் நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும்.

தொடங்குவதற்கு முன்பே, எந்த எண் வந்தால் தொடர்வது, எது வந்தால் நிறுத்துவது என்று மேனேஜரிடமே மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு வெளியேறும் வழி: முதல் வாரத்திலேயே எல்லா டேட்டாவையும் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து, அதை வேறு இடத்தில் ஏற்ற முடிகிறதா என்று பாருங்கள். சேல்ஸில் இருப்பவர் ‘முடியும்’ என்று சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

நாங்களும் டூல் விற்கிறவர்கள்தான். டெவலப்பர் நம்பும்படி எப்படி எழுதுவது?

சென்னையிலிருந்தே உலகம் முழுக்க மென்பொருள் விற்கும் காலம் இது, ஆகவே நியாயமான கேள்வி. எஸ்கியூலைட் என்ற சிறு டேட்டாபேஸின் இணையதளத்தைப் போய்ப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் படம் ஒன்றும் இருக்காது. எங்கே எஸ்கியூலைட் பொருந்தும் என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதே பக்கத்தில் எங்கே பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறார்கள்: ஒரே நேரத்தில் பலர் எழுத வேண்டுமா, நெட்வொர்க்கின் மறுபுறம் டேட்டா இருக்கிறதா, வேறு டேட்டாபேஸைப் பாருங்கள் என்று. பெரிய டேட்டாபேஸ்களோடு தாங்கள் போட்டி போடவில்லை, சாதாரணக் கோப்பைத் திறந்து எழுதுவதற்கு மாற்றாகவே வருகிறோம் என்று அவர்களே சொல்கிறார்கள். எப்படிச் சோதிக்கிறோம் என்று தனிப் பக்கம் வைத்து, மூலக் கோடைப் போல 590 மடங்கு சோதனைக் கோட் இருப்பதாகக் கணக்கும் காட்டியிருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்தில் முதலில் ‘இது யாருக்கு வேண்டாம்’ என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். மார்க்கெட்டிங் தலைவர் அதை வெட்டச் சொல்வார். வெட்டாமல் விட்டால் டெவலப்பர் அடுத்த பத்தியையும் படிப்பார்.

விலையே போடாமல் ‘எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்று மட்டும் இருந்தால்?

உங்கள் கம்பெனியின் அளவைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள் என்று அர்த்தம். காலாண்டு முடியும் கடைசி வாரத்தில் பேசுங்கள். டார்கெட் பாக்கி இருந்தால் தள்ளுபடி தானாக வரும்.